அத்தியாயம் 7: கணினி எழுதிய வாதமும் வழக்கறிஞர் இடும் கையெழுத்தும்

2025 செப்டம்பரில், ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வெளியானது. வழக்கறிஞர் ஒருவர் தாக்கல் செய்த எழுத்துப்பூர்வ வாதத்தில் முன்தீர்ப்பாகக் காட்டப்பட்டிருந்த ஒரு வழக்கு உலகில் எங்குமே நடக்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த இளைய வழக்கறிஞர் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டு வாங்கிய வழக்கு அது. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, கேள்வி எழுந்தது. கடைசியில் 800 சிங்கப்பூர் வெள்ளியை எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகையாகத் தம் சொந்தப் பணத்திலிருந்து கட்டும்படி அந்த வழக்கறிஞருக்கு உத்தரவாயிற்று. கட்சிக்காரர் தலையில் அதைக் கட்ட வழியில்லை.

800 வெள்ளி பெரிய தொகை இல்லை. ஆனால் உத்தரவு பொது ஆவணம். வருங்காலக் கட்சிக்காரர் ஒருவர் அந்த வழக்கறிஞரின் பெயரை இணையத்தில் தட்டினால் அதுவும் சேர்ந்து வரும். பத்து, இருபது ஆண்டு சேர்த்து வைத்த நற்பெயருக்கு விழும் அடி அது.

ஜொகூர் பாரு, பத்து பகாட், மூவார், குளுவாங் ஊர்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் இப்போது செயலிகளை நாடுவதில் வியப்பில்லை. இரண்டு பேர், மூன்று பேர் நடத்தும் அலுவலகத்தில் காலையில் நீதிமன்றத்தின் இணையவழி இ-ரிவியூவுக்குப் பதில் போட வேண்டும், பத்து மணிக்கு நீதிமன்றம், மதியம் வீடு வாங்க வருபவரின் ஒப்பந்தம், மாலையில் வங்கிக்கடன் ஆவணம். நாற்பது பக்க அபிடவிட்டை ஒரு பக்கமாகச் சுருக்கித் தரும் கருவியை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. சொல்லவும் வேண்டியதில்லை. இந்த அத்தியாயம் கருவியைத் தடுப்பதற்காக எழுதப்பட்டதன்று. கருவி தந்ததைத் தம் கையெழுத்துக்கு மேலே வைக்கும் முன்பு வழக்கறிஞர் என்னென்ன செய்தாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வரவேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டமும், அதன்கீழ் 1978இல் வந்த தொழில்முறை, ஒழுங்கு விதிகளும் இன்றைக்கும் நடப்பில் உள்ளன. கட்சிக்காரரின் நலன், நீதியின் நலன், தொழிலின் மாண்பு ஆகிய மூன்றையும் அஞ்சாமல் காக்க வேண்டும் என்கிறது விதி 16. நீதிமன்றத்தை ஏமாற்றும் எச்செயலும் கூடாது என்கிறது விதி 17. மீறினால் புகார் ஒழுங்கு வாரியத்துக்குப் போகும். கண்டனம், அபராதம், ஐந்து ஆண்டு வரை இடைநீக்கம், வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் என்று தண்டனைகள் படிப்படியாக உண்டு. அந்த விதிகளை எழுதியவர்கள் தட்டச்சு இயந்திரத்தோடு வேலை செய்தவர்கள். ஆனாலும் அவர்கள் கருவியைப் பற்றி எழுதவில்லை, வழக்கறிஞரைப் பற்றி எழுதினார்கள். ஆகவேதான் அவை இன்றும் பொருந்துகின்றன.

இல்லாத வழக்கு

பொய் வழக்குகளைச் செயலி எப்படி உண்டாக்குகிறது? அது தீர்ப்பு நூலகத்துக்குள் போய்த் தேடிப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. தீர்ப்பு மேற்கோள் எப்படி இருக்கும் என்ற வடிவம் அதற்கு அத்துப்படி. இருவர் பெயர், நடுவில் 'எதிர்', சதுர அடைப்புக்குறியில் ஆண்டு, தொகுதி, ஏட்டின் சுருக்கப்பெயர், பக்கம். வடிவம் சரியாக வந்துவிடும். உள்ளே இருப்பது உண்மையா என்ற கவலை அதற்கு இல்லை. தீர்ப்பு ஏடுகளோடு இணைத்துச் சட்டத்துறைக்கென்றே விற்கப்படும் செயலிகளில் இந்தத் தொல்லை குறைவு. அறவே இல்லை என்று நம்பிவிடக் கூடாது.

இந்த விவகாரத்தை உலகறியச் செய்தது நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு. விமானத்தில் பரிமாறும் தள்ளுவண்டி இடித்துக் காலில் அடிபட்ட பயணியின் நஷ்டஈட்டு வழக்கு அது. அவருடைய வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த ஆறு பொய் வழக்குகளை நீதிமன்றத்தில் வைத்தார்கள். சந்தேகம் வந்தபோது அவர்களில் ஒருவர் அதே செயலியிடம் போய், இந்த வழக்கு உண்மைதானா என்று கேட்டார். உண்மைதான் என்று அது உறுதி சொன்னது. சாட்சியின் வாக்குமூலத்தை அதே சாட்சியை வைத்தே மெய்ப்பிக்கப் பார்த்த கதை. 2023 ஜூன் 22ஆம் தேதி நீதிபதி கெவின் காஸ்டெல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். எந்த நீதிபதிகள் எழுதியதாகப் பொய்த் தீர்ப்புகள் காட்டப்பட்டனவோ அவர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பவும் உத்தரவிட்டார்.

இந்த வலையில் விழச் செயலியை வழக்கறிஞர் தொடவே வேண்டும் என்பதில்லை. லண்டனில் 2025 ஜூன் 6ஆம் தேதி வெளியான தீர்ப்பைப் படித்தால் இது விளங்கும். கத்தார் தேசிய வங்கிக்கு எதிரான ஒரு வழக்கில் தாக்கலான ஆவணங்களில் 45 மேற்கோள்கள் இருந்தன. அவற்றில் 18 வழக்குகள் இல்லாதவை. ஆராய்ச்சியைச் செய்தவர் கட்சிக்காரர். வழக்கறிஞர் அதை அப்படியே நம்பித் தாக்கல் செய்துவிட்டார். "லாயர், நானே எல்லாம் தேடி வெச்சிருக்கேன், நீங்க போட்டா போதும்" என்று வாட்ஸ்அப்பில் பத்துப் பக்கம் அனுப்பும் கட்சிக்காரர்கள் ஜொகூரிலும் பெருகிவருகிறார்கள். அந்தப் பத்துப் பக்கத்தையும் எதிர்த்தரப்பு அனுப்பியதைப் படிப்பது போன்ற கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

நீதிபதிகளும் தப்பவில்லை. பெங்களூரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பர் 30ஆம் தேதி தந்த ஓர் உத்தரவில், இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் என்று மூன்றும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒன்றும் காட்டப்பட்டிருந்தன. தேடியவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. தீர்ப்பாயம் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எதிர்த்தரப்பு காட்டுவதையும், ஏன், தீர்ப்பில் காட்டப்படுவதையும்கூடத் திறந்து பார்ப்பது மேல்முறையீட்டு வழக்கறிஞரின் வேலையாகிவிட்டது.

இருக்கிற வழக்கு, செல்லாத சட்டம்

பொய் வழக்கு எப்படியும் ஒருநாள் பிடிபடும். பிடிபடாமல் போவது இன்னொன்று: வழக்கு உண்மை, பெயர் உண்மை, பக்கம் உண்மை. ஆனால் அது சொன்ன சட்டம் இன்று நடப்பில் இல்லை. இந்த நூலின் கருத்தில் ஜொகூர் வழக்கறிஞர் அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது வழக்கம். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு அதைப் பற்றியது. இதில் 1995இல் கூட்டரசு நீதிமன்றம் தந்த தீர்ப்பு செல்வகுமார் எதிர் தியாகராஜா. ஒரு மருத்துவர் தம் மருத்துவத் தொழிலை இன்னொரு மருத்துவருக்கு விற்றதில் எழுந்த சச்சரவு. உண்மையில் எவ்வளவு இழப்பு ஏற்பட்டது என்பதை நிரூபித்தாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2009இல் ஜொகூர் கோஸ்டல் டெவலப்மெண்ட் எதிர் கான்ஸ்ட்ராஜாயா வழக்கிலும் அதே நீதிமன்றம் அந்த வழியில்தான் போனது. இரண்டு தலைமுறை மாணவர்கள் இதைப் படித்துத்தான் தேர்வு எழுதினார்கள். பாடநூல், கட்டுரை, பழைய தீர்ப்புகள் எல்லாவற்றிலும் செல்வகுமார் பெயர் நிறைந்திருக்கிறது.

பிறகு கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் எதிர் மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ் வழக்கு வந்தது. 2019ஆம் ஆண்டின் மலாயன் லா ஜர்னல், ஆறாம் தொகுதி, 15ஆம் பக்கம். எல்லா நேரத்திலும் உண்மை இழப்பை நிரூபிக்க வேண்டியதில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் பழைய கண்டிப்பான வழியிலிருந்து விலகியது. இப்போது பொதுவான செயலி ஒன்றிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்? அது படித்த பக்கங்களில் இருபது ஆண்டுக்கு மேல் கோலோச்சிய சட்டம் அதிகமாகவும் பின்னால் வந்தது குறைவாகவும் இருந்தால், பழையதையே தெளிந்த நடையில் எழுதித் தந்துவிடும். மேற்கோளைச் சரிபார்ப்பவருக்கு வழக்கு கிடைக்கும், நிம்மதி வரும். வாதமோ எதிர்த்தரப்பின் ஒரே வரியில் சரியும்.

வீட்டு வாங்குநர் வழக்குகளிலும் இதே கதைதான். மேம்பாட்டாளர் வீட்டைத் தாமதமாக ஒப்படைத்தால் தர வேண்டிய இழப்பீட்டை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது? முன்பதிவுப் பணம் கட்டிய நாளிலிருந்து என்று 2021 ஜனவரியில் பிஜேடி ரீஜென்சி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளை வைத்தே கணக்குப் போடும் பழைய எக்செல் தாள் ஒன்று எந்த அலுவலகத்திலாவது ஓடிக்கொண்டிருந்தால், இஸ்கண்டார் புத்ரியில் வீடு வாங்கியவர் தமக்குச் சேர வேண்டிய பணத்தில் பல மாதத் தொகையை இழப்பார். தானியங்கிக் கருவி என்றால் சாட்ஜிபிடி மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். யாரோ எப்போதோ எழுதி வைத்த சூத்திரமும் தானியங்கிதான்.

நாடு மாறிப்போவதும் உண்டு. மலேசிய ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவுக்கு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஒத்திருப்பது 74ஆம் பிரிவு. நம் தண்டனைச் சட்டமும் சாட்சியச் சட்டமும்கூட இந்திய மூலத்திலிருந்து வந்தவை. இந்தியாவோ 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டங்களை விட்டுவிட்டுப் புதுச் சட்டங்களுக்கு மாறிவிட்டது. கொலைக்கு அங்கே இப்போது 302 இல்லை, 103. இந்தியப் பக்கங்களை நிறையப் படித்த செயலி, ஜொகூர் பாரு வழக்குக்கு அங்குள்ள எண்ணைத் தருவதற்கு இடமுண்டு.

சரிபார்க்கும் முறை எளியது, சோம்பல்தான் தடை. மேற்கோளை எடுத்துக்கொண்டு செயலிக்கு வெளியே போக வேண்டும். எம்.எல்.ஜே., சி.எல்.ஜே. ஏடுகள், நீதித்துறையின் தீர்ப்புத் தளம், சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் சட்டத் தொகுப்பு ஆகியவற்றில் மூலத்தைத் திறக்க வேண்டும். திறந்த பக்கத்தில் அதே பெயர்கள் இருக்கின்றனவா, எந்த நீதிமன்றம், செயலி சொன்ன கருத்து எத்தனையாவது பத்தியில் இருக்கிறது, அது தீர்ப்பின் அடிப்படையா அல்லது போகிறபோக்கில் சொன்னதா, மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதியின் வரியா என்று படிக்க வேண்டும். அடுத்து, அந்த வழக்கைப் பின்னால் வந்த தீர்ப்புகள் ஏற்றனவா, விலக்கினவா என்று பார்க்க வேண்டும். பார்த்தவர் பெயரையும் தேதியையும் கோப்பில் குறித்துவைக்க வேண்டும். நாளைக்கு நீதிபதி கேட்டால் காட்டுவதற்கு அந்த ஒரு வரிதான் இருக்கும்.

ஜொகூரின் வெள்ளிக்கிழமை

மற்ற மாநில வழக்கறிஞருக்கு இல்லாத ஒரு கண்ணி ஜொகூர் வழக்கறிஞருக்கு உண்டு. 2014 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனியும் ஞாயிறும்.

நாள் கணக்கிடும் மென்பொருளுக்கு இது தெரியுமா? ஒரு பிரதிவாதிக்கு 2025 ஜனவரி 3ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, ரிட் சம்மன் சார்வு செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 2012 நீதிமன்ற விதிகளின்படி 14 நாளுக்குள் ஆஜராகும் குறிப்பாணையைத் தாக்கல் செய்ய வேண்டும். பதினான்காம் நாள் ஜனவரி 17, அதுவும் வெள்ளிக்கிழமை. புதிய நாட்காட்டிப்படி அது வேலைநாள். அன்றோடு கெடு முடிந்தது. பழைய அமைப்பு மாற்றப்படாத மென்பொருளோ வெள்ளி, சனி விடுமுறை என்று எண்ணி ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை என்று காட்டும். அதை நம்பியவர் இரண்டு நாள் தாமதம். ஆஜராகாததால் வரும் தீர்ப்பை எதிர்த்தரப்பு கேட்பதற்கு அதற்குள் வழி திறந்திருக்கும். வந்த தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு, அபிடவிட், செலவு என்று கட்சிக்காரர் அலைய வேண்டியதுதான்.

கோலாலம்பூரில் எழுதிய மென்பொருள் தலைநகரின் நாட்காட்டியைக் கொண்டிருக்கலாம். கிளந்தானிலும் திரங்கானுவிலும் கெடாவிலும் இன்னும் வெள்ளி, சனிதான் விடுமுறை. ஜொகூர் அலுவலகம் ஒன்று அலோர் ஸ்டாரில் வழக்கு நடத்தினால் அங்குள்ள நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். தைப்பூசம், சுல்தானின் பிறந்தநாள், ஹரி ஹோல் போன்ற ஜொகூர் விடுமுறைகளும் கணக்கில் வர வேண்டும். கெடு நாளை மென்பொருள் சொல்லட்டும். சுவரில் மாட்டிய நாட்காட்டியில் விரல் வைத்து இன்னொருவர் எண்ணட்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் டைரியில் ஏற வேண்டும்.

கட்சிக்காரர் சொன்னது எங்கே போகிறது

கூலாய் வட்டாரத்தில் செடெனாக் உட்படப் பல இடங்களில் தரவு மையங்கள் எழுந்துவிட்டன. அந்தக் கட்டடங்களைக் கடந்து தினமும் போகிறவருக்கு, நம் தகவல் நம் ஊரிலேயே பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணம் வரக்கூடும். செயலியில் ஒட்டிய ஆவணம் செடெனாக்கில் இருக்கிறதா, சிங்கப்பூரிலா, அமெரிக்காவிலா என்பதைச் சொல்வது கட்டடமன்று. அந்த நிறுவனத்தோடு வழக்கறிஞர் ஏற்றுக்கொண்ட ஒப்பந்த நிபந்தனைகள்தாம். இலவசக் கணக்கு என்றால், உள்ளே போடுவதைச் செயலியைப் பழக்கப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும்.

1950 சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் தொழில்முறையில் வழக்கறிஞரிடம் சொன்னதைக் கட்சிக்காரரின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது. 127ஆம் பிரிவு அதே கடமையை மொழிபெயர்ப்பாளருக்கும் எழுத்தருக்கும் பணியாளருக்கும் விதிக்கிறது. தொலைதூரக் கணினி அந்தப் பட்டியலில் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே, பெயர், மைகார்டு எண், வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, சமரசத் தொகை ஆகியவை பொதுச் செயலிக்குள் போகக் கூடாது. பெயரை மறைத்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. "மாசாயில் 2023இல் இயந்திரத்தில் கை சிக்கிய நேபாளத் தொழிலாளி" என்று எழுதினால் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க அந்த ஊர்க்காரருக்கு அதுவே போதும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இறுகியிருக்கிறது. 2010 சட்டத்துக்கு 2024இல் வந்த திருத்தம், கோட்பாடுகளை மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. சிறைத்தண்டனை மூன்று ஆண்டு வரை போகலாம். 2025 ஜூன் 1 முதல், தகவல் கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு, தொழிற்பயிற்சிக்கு வந்த சேம்பரிங் மாணவர் ஒருவர் கட்சிக்காரரின் கோப்பை முழுதாக ஏதோ ஒரு செயலியில் ஏற்றிவிட்டாலும் இது தகவல் கசிவா என்ற கேள்வி எழக்கூடும்.

செயலியைப் பயன்படுத்தப்போவதைக் கட்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, நியமனக் கடிதத்தில் ஒரு வரியும் எழுதிக்கொள்வது நல்லது. வேண்டாம் என்று அவர் சொன்னால் அத்தோடு விட வேண்டும்.

சாட்சிக்குப் புரிந்த மொழி

நீதிமன்ற ஆவணங்கள் மலாயில். கட்சிக்காரர் பேசுவது தமிழில். நடுவில் ஆங்கிலத்தில் எழுதும் வழக்கறிஞர். மூன்று மொழிக்கு இடையில் ஓடும் வேலையைக் கைப்பேசி மொழிபெயர்ப்பு நொடியில் முடித்துவிடுகிறது, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் அபிடவிட்டில் சத்தியம் செய்யும்போது, அவருக்குப் புரிந்த மொழியில் அது தம் முன்னிலையில் வாசிக்கப்பட்டது, அவர் புரிந்துகொண்டதாகத் தெரிந்தது என்று சத்தியப் பிரமாண ஆணையர் அடியில் சான்று எழுத வேண்டும். சிகாமட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மகனோடு வந்து உட்கார்ந்திருக்கும் எழுபது வயது அம்மாவுக்கு, கைப்பேசியிலிருந்து வரும் இயந்திரக் குரலை இயக்கிவிட்டு, "புரிஞ்சுதா பாட்டி?" என்று கேட்பது வாசித்துக் காட்டுவதாகாது. தோட்டத்துப் பேச்சுத் தமிழ் வேறு, இயந்திரம் பேசும் தமிழ் வேறு. அவர் மரியாதைக்காகத் தலையாட்டியிருப்பார். குறுக்கு விசாரணையில், "இது நான் சொன்னதில்லீங்க ஐயா" என்று அவர் வாயிலிருந்து வந்தால் நிலத்தகராறில் அவர் தரப்பே ஆட்டங்காணும்.

இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரு மொழியும் தெரிந்த ஒருவர் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் அந்த அம்மாவைத் தம் வாயால் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லி, அது தாளில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணி நேரம் அவருக்கு உரியது.

இயந்திரம் தண்டனையைப் பரிந்துரைத்தால்

இதுவரை கருவி வழக்கறிஞர் கையில் இருந்தது. நீதிபதியின் மேசைக்கும் அது வரலாம் என்பதற்கு மலேசியாவே முன்னுதாரணம். 2020 பிப்ரவரியில் கோத்தா கினபாலுவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கொன்றில் தண்டனை விதிக்கும் முன் செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் பரிந்துரையைப் பார்த்தது. சரவாக் அரசு நிறுவனமான சாயின்ஸ் உருவாக்கிய கருவி அது. 2014 முதல் 2019 வரை சபா, சரவாக்கில் வந்த வழக்குகளை வைத்துப் பழக்கப்பட்டது. பரிந்துரை நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. பிறகு தீபகற்பத்திலும் சோதனை நடந்தது.

எதிர்வாதம் செய்த வழக்கறிஞர் அன்றே ஆட்சேபம் தெரிவித்தார். அவர் எழுப்பிய வகைக் கேள்விகளை ஜொகூரின் குற்றவியல் வழக்கறிஞர்களும் கையில் வைத்திருக்க வேண்டும். எந்த வழக்குகளைப் படித்து இந்த எண் வந்தது? அந்த மாநிலங்களின் வழக்குகள் இந்த ஊருக்குப் பொருந்துமா? வயது, வேலை, குடும்பநிலை போன்றவற்றுக்கு எவ்வளவு எடை கொடுக்கப்பட்டது? கஸானா ஆய்வு நிறுவனம் இந்தக் கருவியை ஆராய்ந்து தனி அறிக்கையே வெளியிட்டது. அதைப் படித்துவிட்டு நீதிமன்றம் போவது நல்லது. வேலையில்லாத தமிழ் இளைஞன் ஒருவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது, "வேலையில்லை" என்ற ஒரு விவரம் கணக்கில் எப்படி நுழைந்தது என்று கேட்க அவன் வழக்கறிஞரைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவரால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

அலுவலகத்துக்குள்

சிங்கப்பூர் வழக்கில் செயலியைத் தொட்டவர் இளையவர். பணம் கட்டியவர் கையெழுத்திட்டவர். ஒன்பது மாதம் சேம்பரிங் செய்ய வரும் மாணவர் பல்கலைக்கழகத்திலேயே செயலியோடு பழகிவந்தவர். செயலியைப் பயன்படுத்தினாயா என்று அதட்டிக் கேட்டால் இல்லை என்பார். எதற்குப் பயன்படுத்தினாய், எங்கே சரிபார்த்தாய் என்று இயல்பாகக் கேட்டால் சொல்வார். இரண்டாம் வகைக் கேள்விதான் அலுவலகத்தைக் காப்பாற்றும்.

கட்டணத்திலும் நேர்மை வேண்டும். வீடு, நில விற்பனை போன்ற வேலைகளுக்கு 2023 ஊதிய ஆணையின் அட்டவணை இருக்கிறது. அங்கே எத்தனை மணி நேரம் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. மணிக்கணக்கில் வாங்கும் வழக்கு வேலையில்தான் சோதனை. முன்பு ஆறு மணி நேரம் பிடித்தது இன்று இரண்டு மணியில் முடிந்தால் பில் இரண்டு மணிக்குத்தான், சரிபார்த்த நேரமும் சேர்த்து. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலையில் தந்த 512ஆம் எண் கருத்துரையும் இதையே சொல்கிறது.

தவறு தெரிந்துவிட்டால்? அன்றே நீதிமன்றத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் எழுத வேண்டும். என்ன நடந்தது, எந்த மேற்கோள் பொய், எதைத் திரும்பப் பெறுகிறோம் என்று முழுதாக. தட்டச்சுப் பிழை என்று மழுப்பித் திருத்திய பிரதியைச் சத்தமில்லாமல் தாக்கல் செய்வது இரண்டாவது குற்றம், முதலாவதைவிடப் பெரியது. நியூயார்க் வழக்கறிஞர்கள் எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டிய உடனே உண்மையைச் சொல்லியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று நீதிபதி காஸ்டெலே எழுதினார். செயலியைப் பயன்படுத்தினீர்களா என்று நீதிபதி கேட்டால் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள பதிவாளர் சுற்றறிக்கை, கேட்கப்படாதவரை தாமாக அறிவிக்கத் தேவையில்லை என்று விட்டாலும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் தாக்கல் செய்தவரையே பொறுப்பாக்குகிறது. அங்கேயும் வழக்கு நடத்தும் ஜொகூர் அலுவலகங்கள் அதை ஒருமுறை படித்துவைக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கு இதற்கெல்லாம் தனிப் பிரிவு இருக்கும். ஜொகூரின் சிறு அலுவலகங்களுக்கு ஒரு தாள் போதும். எந்தச் செயலிக்கு அனுமதி, எந்தத் தகவல் அதற்குள் போகவே கூடாது, மேற்கோளைச் சரிபார்த்துக் கையொப்பம் இடுவது யார், கெடு நாளை இரண்டாவதாக எண்ணுவது யார், தவறு தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்வது. இந்த ஐந்துக்கும் பதில் எழுதி, எழுத்தரிலிருந்து பங்குதாரர் வரை எல்லாரும் கையெழுத்திட்டு, இந்த வாரமே அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த எழுத்துப்பூர்வ வாதம் தாக்கலாகும் முன் அந்தத் தாள் அங்கே இருக்கட்டும்.